கி.பி. 70க்கு முன் யூதர்களிடம் 'ஒரே வேதம்' இருந்ததா?

#1 பொருநை

வணக்கம். பழைய ஏற்பாட்டு வரலாறு பற்றிய பாடக்குறிப்புகளில் மூன்று கூற்றுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஒன்று, கி.பி. 90இல் யாப்னே என்ற ஊரில் ரபிகள் சங்கம் கூடி எபிரேய வேதத்தின் பட்டியலை முடிவு செய்தது. இரண்டு, சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் பழைய சுருள்கள் கிடைத்ததும், ஆயிரம் ஆண்டுகளாக ஒரு எழுத்துக்கூட மாறவில்லை என்று உறுதியானது. மூன்று, அன்றைய யூதக் குழுக்களில் ஒன்றான சதுசேயர் மோசேயின் ஐந்து நூல்களை மட்டும் ஏற்றார்கள்.

இவற்றில் எது நிற்கும், எது நிற்காது? பொதுவான விளக்கம் வேண்டாம். எந்தச் சுவடி, எந்த வசனம் என்று காட்டிச் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 ஏட்டுக்காரன்

முதல் கூற்றை முதலில் முடித்துவிடுவோம். அது நிற்காது.

எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் அழிந்தபின் யாப்னேயில் ரபிகளின் கல்விக்கூடம் நடந்தது உண்மை. அங்கே சங்கம் கூடி வாக்கெடுத்துப் பட்டியல் வெளியிட்டதற்கு ஒரு சான்றும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில், 1871இல், ஹைன்ரிஷ் கிரேட்ஸ் முன்வைத்த கருதுகோள் அது. பாடநூல்களில் ஏறி நூறாண்டுக்கு மேல் உண்மைபோல் உலவியது. 1964இல் ஜாக் லூயிஸ் மூலச் சான்றுகளை வரிசையாக எடுத்து ஆராய்ந்தபின் அறிஞர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

ரபிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இருப்பது வேறு. 'யாதாயிம்' என்ற பகுதி, 3:5. அங்கே எழும் கேள்வி "உன்னதப்பாட்டும் பிரசங்கியும் கைகளைத் தீட்டாக்குமா?" என்பது. நமக்கு இது தலைகீழாகத் தோன்றும், புனித நூலைத் தொட்டால் தீட்டா என்று. அவர்கள் சட்டப்படி ஆம், புனித ஏட்டைத் தொட்ட கை தீட்டுப்பட்ட கை. மிஷ்னாவை விரித்து விவாதிக்கும் தல்மூது சொல்லும் காரணம் இது: ஆசாரியருக்கு ஒதுக்கிய தானியமும் புனிதம், தோராச் சுருளும் புனிதம் என்று இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தார்கள், ஏடுகள் கெட்டன. எலிகள் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். ஏட்டைத் தொட்டால் தீட்டு என்று விதித்துவிட்டால் உணவை யாரும் ஏட்டின் பக்கத்தில் வைக்கமாட்டார்கள். ஆக, அந்த விவாதமே இந்த நூல்கள் ஏற்கெனவே கையில் இருப்பவை என்ற அடித்தளத்தில் நடப்பது. புதிதாக உள்ளே சேர்ப்பது பற்றி அங்கே பேச்சில்லை.

எண்ணிக்கையும் ஒரே மாதிரி இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில் யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் 22 நூல்கள் என்கிறார். நான்காம் எஸ்றா என்ற அதே காலத்து யூத நூலோ 94 என்கிறது: 24 எல்லோருக்கும், மீதி 70 ஞானிகளுக்கு மட்டும். ஜொசிபஸின் 22க்கும் இந்த 24க்கும் இடையே உள்ள வேறுபாட்டை, ரூத்தை நியாயாதிபதிகளோடும் புலம்பலை எரேமியாவோடும் சேர்த்து எண்ணினார்கள் என்று விளக்குவார்கள். ஆனால் அந்த 70ஐ எந்தக் கணக்கும் விழுங்காது. மறைவாக வைத்த நூல்களில்தான் "ஞானத்தின் ஊற்று" இருக்கிறது என்று அந்த ஆசிரியர் மனதார நம்பி எழுதுகிறார்.

#3 கயல்விழி

இரண்டாம் கூற்றுக்கு நான் வருகிறேன். பாதி உண்மை, அதனால்தான் ஆபத்தானது.

கூற்றுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 1947இல் முதல் குகையில் கிடைத்த பெரிய ஏசாயாச் சுருள். 17 தோல்களைத் தைத்து இணைத்தது, 54 பத்திகள், நீளம் 7.34 மீட்டர், ஏறத்தாழ முழுமையாக இருக்கிறது. காலம் கி.மு. 125ஐ ஒட்டி. நம் கையில் உள்ள முழு எபிரேயச் சுவடிகளில் பழையதான லெனின்கிராட் கோடெக்ஸ் கி.பி. 1008ஐச் சேர்ந்தது. இடையில் ஆயிரத்து நூறு ஆண்டுக்கு மேல். இரண்டும் ஒரே நூல், அதில் ஐயமில்லை. வேறுபாடுகளில் பெரும்பகுதி எழுத்துக்கூட்டல்.

ஆனால் 40ஆம் அதிகாரம் உள்ள பத்தியின் படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். இஸ்ரேல் அருங்காட்சியகம் முழுச் சுருளையும் இணையத்தில் வைத்திருக்கிறது. 7, 8 வசனங்கள்: "புல் உலர்ந்து பூ உதிரும்" என்ற தொடர் இரண்டு முறை வரவேண்டும். எழுதியவர் அதை ஒருமுறைதான் எழுதினார். நேராக "நம் தேவனுடைய வசனமோ" என்று போய்விட்டார். பின்னால் இன்னொரு கை, வேறு எழுத்து, விடுபட்டதை வரிக்கு மேலே எழுதத் தொடங்கி, இடம் போதாமல் இடது ஓரத்தில் கீழ்நோக்கித் திருப்பி எழுதியிருக்கிறது. கடவுளின் பெயர் வரும் இடத்தில் பெயரை எழுதவில்லை, நான்கு புள்ளிகள் மட்டும் வைத்திருக்கிறது.

காரணம் கேட்டால் எல்லோரும் "கண் தாவல்" என்பார்கள். ஒரே தொடர் இரண்டு முறை வந்தால், படியெடுப்பவர் முதல் இடத்தில் நிறுத்தி, திரும்பிப் பார்க்கும்போது இரண்டாம் இடத்தைப் பிடித்துக்கொள்வார். ஓலை படியெடுத்தவர்களுக்கும் பழகிய பிழை இது. ஆனால் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்திலும் அதே பகுதி இல்லை! அப்படியானால் பிழையா, அல்லது குறும்பாடம்தான் பழையதா? இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறார்கள். ஒரு கையெழுத்துப் படியை வைத்து ஒரு எழுத்தும் மாறவில்லை என்று சொல்கிறோம், அந்தப் படியிலேயே திருத்தம் இருக்கிறது. இதை மாணவர்களுக்குக் காட்டவேண்டும்.

அதே முதல் குகையில் இன்னொரு ஏசாயாவும் கிடைத்தது. அது சிதைந்தது, ஆனால் மசோரா பாடத்துக்கு, அதாவது யூதர் வழிவழியாகக் காத்த எபிரேயப் பாடத்துக்கு, மிக நெருக்கமானது. ஒரே குகை, இரண்டு படிகள், இரண்டு தரம்.

#4 மருதன்

கயல்விழி சொன்னது ஏசாயா. ஏசாயாவில் நிலைமை சாதுவானது. எரேமியாவைப் பாருங்கள்.

கிரேக்க எரேமியா எபிரேய எரேமியாவைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு சிறியது. வரிசையும் வேறு. பிற நாடுகளுக்கு எதிரான தீர்க்கதரிசனங்கள் எபிரேயத்தில் 46 முதல் 51 வரை கடைசியில் வரும். கிரேக்கத்தில் 25:13க்குப் பின் நடுவில் வரும். மொழிபெயர்த்தவர் வெட்டிவிட்டார் என்றே பல காலம் சொல்லிவந்தார்கள்.

நான்காம் குகை அந்தப் பேச்சை மாற்றியது. குறியீட்டில் 4 என்பது குகை, 'கியூ' என்பது கும்ரான், அடுத்தது வரிசை எண். 4கியூ70, 4கியூ72 இரண்டும் நீண்ட பாடம். 4கியூ71, 4கியூ72அ இரண்டும் கிரேக்கத்தோடு ஒத்துப்போகும் குறும்பாடம், அதுவும் எபிரேயத்தில். மொழிபெயர்ப்பாளர் வெட்டவில்லை, அவர் முன்னால் இருந்த எபிரேயமே சிறியது.

10ஆம் அதிகாரம் நல்ல எடுத்துக்காட்டு. வெள்ளித்தகடு அடித்து, ஆணி வைத்து இறுக்கிய விக்கிரகங்களைப் பழிக்கும் பகுதி. நீண்ட பாடத்தில் இந்தப் பழிப்புக்கு நடுவே 6 முதல் 8 வரையும் 10ஆம் வசனமும் "கர்த்தாவே, உமக்கு ஒப்பானவன் இல்லை" என்ற துதியாக வந்து குறுக்கிடுகின்றன. 4கியூ71இலும் கிரேக்கத்திலும் அவை இல்லை. பழிப்பு ஒரே மூச்சில் ஓடுகிறது. துதியை யாராவது வெட்டுவார்களா? சேர்ப்பார்கள் என்பதே இயல்பு. இம்மானுவேல் தோவ் போன்ற சுவடி அறிஞர்கள் குறும்பாடமே முந்திய பதிப்பு, நீண்டது விரித்த பதிப்பு என்று சொல்வதற்கு இதுபோன்ற இடங்கள்தான் காரணம்.

#5 இளவேனில்

மருதன், 4கியூ71 என்பது சிறு துணுக்கு அல்லவா? வசனம் அங்கே இல்லை என்று எப்படிச் சொல்கிறார்கள்? கிழிந்த பகுதியில் இருந்திருக்கலாமே.

#6 மருதன்

கேட்கவேண்டிய கேள்வி. முறை இப்படி.

துணுக்கில் எஞ்சியிருப்பது ஒவ்வொரு வரியின் ஒரு முனை மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில், ஐயமில்லாமல் அடையாளம் தெரியும் இரண்டு அடுத்தடுத்த வரிகளைத் தேர்ந்தெடுங்கள். மேல்வரியில் எஞ்சிய சொல்லிலிருந்து கீழ்வரியில் எஞ்சிய அதே நேர்ச்சொல்வரை தெரிந்த பாடத்தில் எத்தனை எழுத்து, சொல்லிடை வெளியோடு சேர்த்து எண்ணுங்கள். அதுதான் ஒரு வரியின் கொள்ளளவு. இப்படிப் பல வரிகளுக்கு எண்ணிச் சராசரி எடுங்கள். பிறகு சந்தேகத்துக்குரிய இடத்துக்கு வாருங்கள். நீண்ட பாடத்தை நிரப்பிப் பார்த்தால் அந்த வரி மட்டும் இரட்டிப்பாக வீங்குகிறதா? குறும்பாடத்தை நிரப்பினால் சராசரிக்கு வந்து நிற்கிறதா? 10ஆம் அதிகாரத்தில் விடை தெளிவு, ஏனென்றால் விடுபடுவது நான்கு வசனங்கள்.

தவறு எங்கே நேரும் என்றால், ஓரிரு சொல் வேறுபாட்டுக்கும் இதே முறையைப் பயன்படுத்தும்போது. கையெழுத்தில் வரி நீளம் வரிக்கு வரி சில எழுத்துகள் கூடிக்குறையும். 'வாவ்', 'யோத்' போன்ற ஒல்லி எழுத்துகள் அதிகம் வந்தால் எண்ணிக்கை கூடும். அதனால் ஐந்தாறு எழுத்து வேறுபாட்டை இடக்கணக்கால் நிறுவ முடியாது. அப்படி நிறுவியதாகச் சொல்லும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

#7 தாமரைச்செல்வன்

அளவு என்றதும் கோலியாத்தைச் சொல்லாமல் விடக்கூடாது.

1 சாமுவேல் 17:4. பழைய தமிழ் விவிலியம் மசோரா பாடத்தைப் பின்பற்றி ஆறு முழமும் ஒரு சாணும் என்கிறது. நமக்கு முழமும் சாணும் கைப்பழக்கம், இரண்டு சாண் ஒரு முழம். ஒரு முழம் 45 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஆறரை முழம் ஏறத்தாழ 2.9 மீட்டர். நான்காம் குகைச் சாமுவேல் சுவடி 4கியூ51 நான்கு முழமும் ஒரு சாணும் என்கிறது, அதாவது 2 மீட்டரை ஒட்டி. செப்துவஜிந்தின் பழைய படிகளும் ஜொசிபஸும் நான்குதான். மூன்று சாட்சிகள் ஒரு பக்கம்.

அதே 4கியூ51இல் 11ஆம் அதிகாரம் தொடங்கும் முன் ஒரு பத்தியே கூடுதலாக இருக்கிறது. அம்மோனிய அரசன் நாகாஸ் காத், ரூபன் கோத்திரத்தாரின் வலது கண்களைப் பிடுங்கினான் என்றும், 7,000 பேர் தப்பி யாபேசுக்கு ஓடினார்கள் என்றும். இந்தப் பத்தி இல்லாமல் படித்தால், நாகாஸ் ஏன் திடீரென்று யாபேசை முற்றுகையிட்டு வலது கண்ணைக் கேட்கிறான் என்று புரியாது. ஜொசிபஸ் இந்தச் செய்தியை அறிந்திருக்கிறார்.

#8 பொருநை

மிக்க நன்றி. ஆனால் ஒரு ஐயம். இவை எல்லாம் பாடபேதம். உயரம் எவ்வளவு, பத்தி எங்கே என்ற அளவில் நிற்கின்றன. சமய வேறுபாடு, அதாவது ஒரு குழு இன்னொரு குழுவை ஏற்காமல் போகும் அளவு வேறுபாடு, ஏட்டில் தெரிகிறதா?

#9 ஏட்டுக்காரன்

தெரிகிறது. ஒரே ஒரு எழுத்தில்.

உபாகமத்தில் "கர்த்தர் தெரிந்துகொள்ளும் இடம்" என்று இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் வரும். பலி அங்கேதான் செலுத்தவேண்டும். யூதர் பாடத்தில் 'யிவ்ஹர்', தெரிந்துகொள்ளப்போகும் இடம். சமாரியர், அதாவது எருசலேமை ஏற்காமல் மோசேயின் ஐந்து நூல்களை மட்டும் வேதமாகக் கொண்டவர்கள், அவர்கள் பாடத்தில் 'பாஹர்', தெரிந்துகொண்ட இடம். வேறுபாடு முன்னால் நிற்கும் 'யோத்', எபிரேய எழுத்துகளிலேயே சிறியது. எதிர்காலம் என்றால் மோசேக்குப் பிறகு தாவீது காலத்தில் வரும் எருசலேம். இறந்தகாலம் என்றால் ஏற்கெனவே தேர்ந்தாகிவிட்டது, அது கெரிசீம் மலை.

சமாரியரின் பத்துக் கட்டளைகளில் பத்தாவது கெரிசீமில் பலிபீடம் கட்டவேண்டும் என்பது. புதிதாக இயற்றியதல்ல, உபாகமம் 11, 27ஆம் அதிகாரங்களின் வரிகளை எடுத்துத் தொகுத்தது. யூதர் எண்ணும் பத்தை அவர்கள் ஒன்பதாக எண்ணி, பத்தாவதுக்கு இடம் செய்கிறார்கள்.

இதில் கும்ரான் என்ன சொல்கிறது? 4கியூ22 என்ற யாத்திராகமச் சுவடி, பழைய எபிரேய எழுத்தில் எழுதியது. சமாரியர் பாடத்தில் காணும் விரிவுகள் பலவும் இதிலும் இருக்கின்றன. மோசே பார்வோனிடம் சொல்லவேண்டியதைக் கடவுள் சொல்வார், பிறகு மோசே போய் அதைச் சொன்னார் என்று முழுவதும் திரும்ப வரும். ஆனால் கெரிசீம் கட்டளைக்கு இதில் இடமில்லை. ஆகவே விரிவுப் பாடம் பொதுச்சொத்து, யூதரும் சமாரியரும் கலந்து பயன்படுத்தியது. கெரிசீம் மெல்லிய மேற்பூச்சாகப் பின்னால் ஏறியது. "சமாரியர் வேதத்தைத் திரித்தார்கள்" என்று ஒரே வரியில் எழுதும் குறிப்புகளை இந்தச் சுவடி ஒன்றே மறுக்கிறது. இன்னொன்றும் சொல்லவேண்டும்: உபாகமம் 27:4இல் பலிபீடத்துக்கு யூதர் பாடம் ஏபால் மலையைச் சொல்கிறது, சமாரியர் பாடம் கெரிசீமை. பழைய லத்தீன் மொழிபெயர்ப்பின் ஒரு படியிலும் கெரிசீம்தான். அந்த ஒரு இடத்தில் மாற்றியது யூதர் தரப்பாக இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. நானும் அப்படியே கருதுகிறேன்.

கெரிசீம் ஆலயத்தை யூத ஆட்சியாளனும் தலைமை ஆசாரியனுமான யோவான் ஹிர்க்கானு கி.மு. 110ஐ ஒட்டி அழித்தான். அந்த மலையில் இன்றும் சமாரியர் வாழ்கிறார்கள், பஸ்காவுக்கு ஆடு வெட்டுகிறார்கள்.

#10 நித்திலா

ஏட்டுக்காரன் இடத்தைச் சொன்னார், நான் நாளைச் சொல்கிறேன். என் கணிப்பில் அன்றைய யூதக் குழுக்களைப் பிரித்ததில் நூல் பட்டியலைவிட நாட்காட்டி பெரியது.

இன்றைய யூத வேதத்தில் இல்லாத ஏனோக்கு நூலின் வானியல் பகுதியும் யூபிலி நூலும், சுருள்களை வைத்திருந்த கும்ரான் குழுவும் 364 நாள் ஆண்டைப் பிடித்தன. காலாண்டுக்கு 30, 30, 31 நாள், கூட்டினால் 91, அதாவது சரியாக 13 வாரம். நான்கு காலாண்டு 52 வாரம். ஆண்டு எப்போதும் புதன்கிழமையில் தொடங்கும், ஏனென்றால் சூரியனும் சந்திரனும் படைக்கப்பட்டது நான்காம் நாள். எந்தப் பண்டிகையும் ஆண்டுதோறும் ஒரே கிழமையில் விழும். முதல் மாதம் 15, அதாவது பஸ்காவை அடுத்த புளிப்பில்லா அப்பப் பண்டிகையின் முதல்நாள், புதன், பாவநிவிர்த்தி நாள் வெள்ளி.

வாரப் பண்டிகையைக் கணக்கிட்டுப் பாருங்கள். லேவியராகமம் 23 "ஓய்வுநாளுக்கு மறுநாள்" கதிர்க்கட்டை அசைத்து, அதிலிருந்து ஐம்பது எண்ணச் சொல்கிறது. எந்த ஓய்வுநாள்? வாய்மொழி மரபையும் ஏற்ற குழுவான பரிசேயர் பண்டிகையின் முதல்நாளையே ஓய்வுநாள் என்று கொண்டு 16ஆம் தேதி தொடங்கினார்கள். கும்ரான் குழு பண்டிகை முழுவதும் முடிந்தபின் வரும் சனிக்கிழமையைக் கொண்டது. மறுநாள் ஞாயிறு, முதல் மாதம் 26. அதிலிருந்து ஏழு வாரம் தாண்டினால் மூன்றாம் மாதம் 15, மீண்டும் ஞாயிறு. விரலில் எண்ணினாலே சரியாக வரும்.

சிக்கல் எங்கே? சூரிய ஆண்டு 365¼ நாள். ஆண்டுக்கு ஒன்றேகால் நாள் பின்தங்கும். ஒரு தலைமுறையில் பண்டிகை ஒரு மாதத்துக்கு மேல் அறுவடையை விட்டு விலகிவிடும். இதை எப்படிச் சரிசெய்தார்கள் என்று காட்டும் சுவடி எதுவும் கிடைக்கவில்லை.

எருசலேம் ஆலயம் சந்திரனைப் பார்த்து 354 நாள் ஆண்டும் இடையிடையே அதிக மாதமுமாக நடந்தது. ஆபகூக்கு நூலுக்குக் கும்ரானில் எழுதிய உரையில் ஒரு காட்சி: 'பொல்லாத ஆசாரியன்' என்று உரை அழைக்கும் தலைமை ஆசாரியன், குழுவின் தலைவரான 'நீதியின் போதகரை'த் துரத்திக்கொண்டு, அவர் நாடுகடந்து வாழும் இடத்துக்கே வந்தான், அவர்களுடைய பாவநிவிர்த்தி நாளில். தலைமை ஆசாரியன் தன் பாவநிவிர்த்தி நாளில் ஆலயத்தைவிட்டு நகரமுடியாது. அவன் வந்தான் என்றால் அவனுக்கு அன்று சாதாரண நாள்.

#11 கயல்விழி

நித்திலா குறிப்பிட்ட அதே ஆபகூக்கு உரையில் எனக்கு மிகப் பிடித்த இடம் 2:16. மசோரா பாடம் 'ஹேஆரேல்', விருத்தசேதனமில்லாதவனாய் வெளிப்படு. உரைகாரர் வசனமாக எடுத்தெழுதுவது 'ஹேராஏல்', தள்ளாடு. இரண்டு எழுத்து இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கிரேக்கமும் தள்ளாட்டத்தைத்தான் சொல்கிறது. ஆனால் அடுத்த வரியில் அவர் தரும் விளக்கம்: "அவன் தன் இருதயத்தின் நுனித்தோலை விருத்தசேதனம் செய்யவில்லை." மேற்கோள் ஒரு பாடம், விளக்கம் மற்றப் பாடத்துக்கு! இரண்டும் தெரிந்தவர், இரண்டையும் விட மனமில்லாதவர். நம் உரையாசிரியர்கள் "என்றும் பாடம்" என்று எழுதுவார்களே, அந்த மனநிலைதான். பாடபேதம் அவருக்கு இடறலாகத் தோன்றவில்லை. இரண்டு பொருளும் கிடைத்தது என்று எடுத்துக்கொள்கிறார்.

#12 ஏட்டுக்காரன்

பொருநையின் மூன்றாம் கூற்று இன்னும் நிற்கிறது. சதுசேயர்.

ஐந்து நூல் மட்டும் என்று எழுதியவர்கள் ஒரிகன் போன்ற பிற்காலச் சபைத்தந்தையர். சதுசேயர் இருந்த காலத்தில் வாழ்ந்த ஜொசிபஸ் சொல்வது வேறு: எழுதிய சட்டத்தை மட்டும் ஏற்றார்கள், முன்னோர் வாய்மொழியாகத் தந்த மரபை மறுத்தார்கள். 'எழுதியது' என்றால் தீர்க்கதரிசிகளை விலக்கியதாக ஆகாது. சமாரியரோடு குழப்பிக்கொண்டதால் வந்த பிழை என்று பலர் கருதுகிறார்கள்.

அவர்கள் பரிசேயரோடு எதில் மோதினார்கள் என்று மிஷ்னா யாதாயிம் 4:7 காட்டுகிறது. சுத்தமான பாத்திரத்திலிருந்து அசுத்தமான பாத்திரத்துக்கு நீர் ஊற்றுகிறீர்கள். அறாத தாரை. தீட்டு அந்தத் தாரை வழியாக மேலே ஏறுமா? ஏறாது என்றார்கள் பரிசேயர். ஏறும் என்றார்கள் சதுசேயர். இப்போது கும்ரானின் சட்டக் கடிதத்தை எடுங்கள், 4கியூ394 முதல் 399 வரை ஆறு சிதைந்த படிகள். "தாரையின் நீரும் அதை ஏற்கும் பாத்திரத்தின் நீரும் ஒன்றே" என்கிறது. சதுசேயர் பக்கம்!

செங்கிடாரியும், அதாவது சுத்திகரிப்புச் சாம்பலுக்காக எரிக்கும் சிவப்புக் கிடாரியும், அப்படியே. அதை எரிக்கும் ஆசாரியன் குளித்தபின் சூரியன் மறையும்வரை காத்திருக்கவேண்டும் என்கிறது கடிதம். மிஷ்னாவோ, சதுசேயர் கருத்தை மறுத்துக் காட்டுவதற்காகவே அந்த ஆசாரியனை வேண்டுமென்றே தீட்டாக்கி, குளிக்கவைத்து, உடனே வேலைக்கு அனுப்பினார்கள் என்கிறது.

இதை வைத்துக் கும்ரான் குழுவே சதுசேயர் என்று முடிவுகட்டுவோரும் உண்டு. நான் ஏற்கமாட்டேன். சதுசேயர் தேவதூதரும் உயிர்த்தெழுதலும் இல்லை என்றவர்கள் என்கிறது அப்போஸ்தலர் 23:8. கும்ரான் ஏடுகளில் தேவதூதர் இல்லாத பக்கமே குறைவு. ஆசாரிய மரபின் பழைய சட்டத்தை இரு குழுவும் தனித்தனியே காத்தன என்பதே பொருத்தம்.

#13 தாமரைச்செல்வன்

எல்லோரும் யூதேயாவிலேயே நிற்கிறோம். எகிப்துக்குப் போனால் இன்னும் விரிந்த படம் தெரியும்.

நைல் நதியில், அஸ்வான் அருகே எலிஃபண்டைன் தீவு. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் பாரசீகப் பேரரசின் கீழ் யூதப் படைவீரர் குடியிருப்பு. அவர்களுக்கு அங்கேயே யாகு கடவுளின் ஆலயம், பலியோடு. உபாகமம் சொல்லும் 'ஒரே இடம்' அவர்கள் நடைமுறையில் இல்லை. கி.மு. 410இல் எகிப்தியக் கடவுள் குனூமின் பூசாரிகள் தூண்ட, ஆலயம் இடிக்கப்பட்டது. எருசலேம் தலைமை ஆசாரியருக்கு எழுதினார்கள், பதில் வரவில்லை. 407இல் யூதேயா ஆளுநர் பகோகிக்கு எழுதினார்கள். சமாரியாவில் சன்பல்லாத்தின் மகன்களுக்கும் எழுதினார்கள். இரு தரப்பையும் தங்கள் மக்களாகவே கருதினார்கள் என்பது இதில் தெரிகிறது. வந்த குறிப்பாணை ஆலயத்தைக் கட்டலாம், தானியக் காணிக்கையும் தூபமும் செலுத்தலாம் என்றது. ஆடுமாட்டுப் பலி பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

ஒரு காணிக்கைக் கணக்கும் இருக்கிறது, கி.மு. 400ஐ ஒட்டியது. தலைக்கு 2 சேக்கல் வசூல். தொகையில் யாகுவுக்கு 12 கர்ஷும் 6 சேக்கலும், எஷெம்-பெத்தேலுக்கு 7 கர்ஷ், அனாத்-பெத்தேலுக்கு 12 கர்ஷ். ஒரு கர்ஷ் 10 சேக்கல். யாகுவின் பெயரில் வசூலான பணத்தில் வேறு இரு தெய்வங்களுக்கும் பங்கு. ஒளித்துச் செய்ததல்ல, பெயர்ப்பட்டியலோடு எழுதிவைத்த கணக்கு.

#14 இளவேனில்

அந்தத் தீவில் தோரா கிடைக்கவில்லை, ஆகவே அவர்களிடம் தோரா இல்லை என்று ஒரு வாதம் பார்த்தேன். சரியா?

#15 தாமரைச்செல்வன்

முதல் பாதி சரி. ஒப்பந்தங்கள், கடிதங்கள், அஹிகாரின் கதை எல்லாம் கிடைத்தன, தோராவின் ஒரு வரியும் கிடைக்கவில்லை. இரண்டாம் பாதிக்கு இன்னும் எச்சரிக்கை வேண்டும். பாப்பிரஸ் எஞ்சுவது தற்செயல். நான் வைக்கும் வாதம் அதைவிடக் குறுகியது: ஆலயத்துக்காக மன்றாடும் அவ்வளவு நீண்ட மனுவில், மோசேயின் சட்டத்தை அவர்களும் மேற்கோள் காட்டவில்லை, பதில் எழுதியவர்களும் காட்டவில்லை. ஏடு இருந்திருக்கலாம். வழக்கில் எடுத்துக்காட்டும் அதிகாரம் அதற்கு இன்னும் வரவில்லை.

#16 நித்திலா

அதிகாரம் என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன். கும்ரானில் எந்த நூல் 'வேதம்' என்று கண்டுபிடிக்க, படிகளை எண்ணும் வழக்கம் இருக்கிறது. சங்கீதம் 36 வரை, உபாகமம் 30ஐ ஒட்டி, ஏசாயா 21, யூபிலி 14 அல்லது 15, ஏனோக்கு 11, நாளாகமம் ஒன்று, எஸ்தர் சுழியம். யூபிலியும் ஏனோக்கும் நாளாகமத்தைவிட மேலே! எத்தியோப்பியத் திருச்சபை இன்றும் இவ்விரண்டையும் வேதமாகவே வாசிக்கிறது.

ஆனால் எண்ணிக்கையில் கண்ணி இருக்கிறது. 'உபாகமம்' என்று எண்ணும் படிகளில் சில முழு உபாகமம் அல்ல, தியானத்துக்காகப் பொறுக்கியெடுத்த பகுதிகள். அதனால் எண்ணிக்கையோடு வேறு இரண்டு சோதனையும் சேர்க்கவேண்டும். "எழுதியிருக்கிறபடி" என்ற முறையில் மேற்கோளாகிறதா? கும்ரான் குழுவின் விதிநூலான தமஸ்கு ஆவணம் காலங்களின் துல்லியக் கணக்குக்கு யூபிலி நூலைப் பார்க்கச் சொல்கிறது, தேறிவிட்டது. வரிக்கு வரி உரை எழுதினார்களா? ஏசாயா, சங்கீதம், சிறிய தீர்க்கதரிசிகள் சிலவற்றுக்கு உண்டு. யூபிலிக்கு இல்லை.

எஸ்தர் இல்லாததற்குக் காரணமும் நாட்காட்டியாக இருக்கலாம். எஸ்தர் நூல் சொல்லும் பூரிம் பண்டிகை அவர்களுடைய பட்டியலில் இல்லை.

#17 மருதன்

தோலைப் பற்றி ஒரு சேர்க்கை. 2020இல் வெளியான மரபணு ஆய்வில், பெரும்பாலான தோல்கள் ஆட்டுத்தோல் என்றும், எரேமியாத் துணுக்குகளில் ஒன்று மாட்டுத்தோல் என்றும் தெரிந்தது. யூதேயப் பாலைவனத்தில் மாடு வளர்க்கப் புல்லும் நீரும் கிடையாது. ஆகவே அந்த ஏடு வேறெங்கோ எழுதி அங்கே கொண்டுவரப்பட்டது. இது முக்கியம்: குகையில் கிடைத்த பன்மை ஒரு சிறு பாலைவனக் குழுவின் விசித்திரம் என்று ஒதுக்கமுடியாது.

மறுபக்கமும் சொல்கிறேன். அதே பாலைவனத்தின் வேறு இடங்களான மசாதாவிலும் முராபாத் ஓடைக் குகைகளிலும் கிடைத்தவை மசோரா பாடத்தோடு மிக நெருங்கியவை. ஏன்கேதியில் கரிந்துபோன லேவியராகமச் சுருளை 2016இல் கணினியால் விரித்துப் படித்தபோது மெய்யெழுத்துகள் அப்படியே பொருந்தின. ஒரு பாடம் வென்றது உண்மை. கி.பி. 70க்குப் பின் ஏடுகளைக் காத்து நின்ற குழு அந்தப் பாடத்தை வைத்திருந்தது.

#18 பொருநை

குறிப்புகளைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். கடைசியாக ஒன்று: சுவடிப் படம் எதுவும் இல்லாமல், தமிழ் விவிலியத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மாணவர்களுக்கு இதைக் காட்ட ஒரு இடம் சொல்ல முடியுமா?

#19 கயல்விழி

சங்கீதம் 145. பழைய தமிழ் விவிலியத்தில் திறந்து வசனங்களை எண்ணச் சொல்லுங்கள். 21. எபிரேயத்தில் இது அகரவரிசைப் பாட்டு, வசனத்துக்கு ஒரு எழுத்து. எபிரேய எழுத்துகள் 22. விடுபட்டது 'நூன்', 13க்கும் 14க்கும் இடையே வரவேண்டியது.

பதினோராம் குகைச் சங்கீதச் சுருளில் அந்த வரி இருக்கிறது: "தேவன் தம்முடைய வார்த்தைகளில் உண்மையுள்ளவர், தம்முடைய கிரியைகளிலெல்லாம் கிருபையுள்ளவர்." செப்துவஜிந்திலும் சீரியத்திலும் உண்டு.

அந்தச் சுருளைப் பற்றி இதையும் சொல்லுங்கள்: தாவீது இயற்றியவை எத்தனை என்று அதில் ஒரு உரைநடைப் பத்தி கணக்குத் தருகிறது. 3,600 சங்கீதம், அன்றாடப் பலிக்கு 364 பாட்டு, ஓய்வுநாளுக்கு 52, பண்டிகைகளுக்கு 30, பிடிபட்டவர்கள்மேல் பாட 4, மொத்தம் 4,050. அந்த 364ஐயும் 52ஐயும் பார்த்ததும் நித்திலாவின் நாட்காட்டி நினைவுக்கு வரும்.

#20 ஏட்டுக்காரன்

கயல்விழி, அந்த நூன் வரியில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டாம் பாதி 17ஆம் வசனத்தின் பிற்பாதியோடு சொல்லுக்குச் சொல் ஒன்று. விடுபட்ட எழுத்தைக் கண்ட ஒருவர் 17ஐப் பார்த்து இயற்றி நிரப்பியது போலத் தெரிகிறது. இந்தச் சங்கீதத்தில் மற்ற வசனங்கள் கர்த்தரின் பெயரைச் சொல்லும்போது இந்த வரி மட்டும் 'எலோகிம்' என்கிறது. தல்மூதிலேயே ரபி யோகனான் நூன் ஏன் இல்லை என்று கேட்டு, "விழுந்தாள்" என்ற ஆமோஸ் 5:2இன் சொல் நூனில் தொடங்குவதால் என்று விடை சொல்கிறார். அவர் காலத்துக்கே அது இல்லாத பாடம்தான் பாடம்.

#21 கயல்விழி

ரபி யோகனான் கி.பி. 3ஆம் நூற்றாண்டு. சுருள் அவருக்கு இருநூறு ஆண்டு முந்தியது, கிரேக்கம் அதற்கும் முந்தியது. அகரவரிசையில் பாட்டுக் கட்டிய கவிஞர் ஒரு எழுத்தைத் தாண்டிப் போனார் என்று நம்புவது எனக்குக் கடினம். 'எலோகிம்' பற்றிச் சொன்னது நல்ல வாதம், அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. பொருநை, இரண்டு பக்கத்தையும் மாணவர்களுக்குக் கொடுங்கள். 13ஐயும் 17ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, நடுவே அந்த வரியை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.